மஞ்சளும் மறதியும்



சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் எதிர்வீட்டு அன்பர் ஒருவர் ஒரு மருந்துப் புட்டியையும், அதனுடன் வந்த துண்டுப் பிரசுரத்தையும் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவருடைய தாயார் தில்லிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு வயது 72. சில மாதங்களாக அவர் அடுப்பை அணைக்க மறந்தார். பேரனின் பெயரை மறந்தார். உண்டு எழுந்த சிறிது நேரத்திற்கெல்லாம், "எனக்கு இன்னும் இலை போடவில்லையே" என்றார்.

புட்டியில் இருந்தவை மஞ்சளிலிருந்தும் வேறு சில மூலிகைகளிலிருந்தும் எடுத்த சத்துக்களாம். பிரசுரம் இரு மொழிகளில் அச்சாகியிருந்தது. ஆங்கிலப் பகுதி, 'நினைவாற்றலுக்குத் துணைசெய்யக்கூடும்' என்னும் பொருள்பட இருந்தது. இந்திப் பகுதியோ, 'நினைவாற்றலை மீட்டுத் தரும்' என்றது. அன்பர் கேட்டார்: "மொழிபெயர்ப்பே உங்கள் தொழில். இந்த இரண்டில் எதை நான் நம்புவது, சார்?"

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்குக் 'கூடும்' என்பதற்கும் 'தரும்' என்பதற்கும் இடையே உள்ள தூரம் தெரியாததன்று. ஓர் ஆணையில் இவ்விரண்டும் இடம் மாறினால், குடிமகனின் உரிமை அதிகாரியின் விருப்பமாகிவிடும். ஆயினும், மூளை நோய் ஒன்றைப் பற்றிய செய்தியில் இவ்விரு சொற்களுக்கும் பின்னால் நிற்கும் உண்மை யாது என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அதை அறிய முயன்றதன் பயனே இப்பேச்சு.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். 1901 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதுள்ள ஆகஸ்டே என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரை எழுதவும் அவர் தடுமாறினார். அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1906 இல் அப்பெண்மணி இறந்தபின், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகளும், அணுக்களுக்கு உள்ளே சிக்குண்ட நூல் போன்ற இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் டியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் கூட்டத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். 1910 இல் கிரெப்பெலின் என்னும் பேராசிரியர் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

அப்படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை. இழைகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை. இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் இந்நோயில் உண்டு. அதுவே அழற்சி. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது அன்றோ? அது உடலின் தற்காப்பு. மூளையிலும் மைக்ரோகிளியா எனப்படும் சிற்றணுக்கள் காவல் புரிகின்றன. கழிவை அகற்றுவதும் கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் கடமை. அமிலாய்டுப் படிவுகளைச் சூழ்ந்து நின்று அவை ஆண்டுக்கணக்காகப் போராடும்போது, அவை வெளியிடும் பொருள்கள் நலமாக உள்ள நரம்பணுக்களையும் தாக்கத் தொடங்குகின்றன. கள்வனைத் துரத்தும் காவலர் வயலில் இறங்கிப் பயிரையும் மிதிப்பது போன்றது இது. இக்காவல் அணுக்களின் வேலையை ஒட்டிய மரபணு ஒன்று பழுதுற்றால் நோய்க்கான வாய்ப்பு மிகுகிறது என்று 2013 இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. அழற்சி நோயின் விளைவு மட்டுமன்று, நோயை வளர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது.

அவ்வாறாயின், அழற்சியைத் தணித்தால் மறதியைத் தடுக்கலாமே என்று எண்ணத் தோன்றும். விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். மூட்டுவாத நோயினரிடையே அல்சைமர் நோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே காணப்படுகிறது என்று 1990 இல் கனடா நாட்டு விஞ்ஞானி பாட்ரிக் மக்கீரும் அவருடைய துணைவர்களும் சுட்டிக்காட்டினர். அந்நோயினர் அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளைப் பல்லாண்டுகள் உண்பவர்கள். எனவே, 2001 இல் அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று தொடங்கிற்று. நெருங்கிய உறவினரில் மறதி நோய் கண்ட, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,500க்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். நாப்ராக்சன், செலிகாக்ஸிப் என்னும் இரு மருந்துகள் சோதிக்கப்பட்டன. இதயத்திற்குக் கேடு நேருமோ என்ற ஐயத்தால் 2004 டிசம்பரில் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. மறதியை அம்மருந்துகள் தடுத்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கருத்து அழகாக இருப்பது வேறு, மருந்து வேலை செய்வது வேறு என்பதற்கு இது முதற் பாடம்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தரும் குர்குமின் என்னும் பொருளை 1815 இல் வோகல், பெல்லெதியே என்னும் இருவர் ஐரோப்பாவில் பிரித்தெடுத்தனர். மஞ்சள் தூளில் அது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு உண்டு. ஆராய்ச்சிசாலைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப்படும் அணுக்களின்மீது இப்பொருளை இட்டால், அழற்சியைத் தூண்டும் செயல்கள் அடங்குகின்றன. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செலஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் இந்நோய்க்குரிய மரபணுவை ஏற்றிய சுண்டெலிகளுக்குக் குர்குமினைத் தீனியில் கலந்து கொடுத்தனர். எலிகளின் மூளையில் அழற்சியும் அமிலாய்டுப் படிவும் குறைந்தன என்று 2001 இல் அறிவித்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. தில்லிக்குத் தெற்கே, அரியானா மாநிலத்தில், பல்லப்கர் என்னும் ஊர் இருக்கிறது. அதைச் சூழ்ந்த கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் கூடி முதியோரை ஆராய்ந்தனர். 65 வயதுக்கு மேற்பட்டோரில், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7 பேரே புதிதாக அல்சைமர் நோய்க்கு உள்ளாயினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அதே முறையில் கண்ட எண்ணிக்கை 17.5. இம்முடிவு 2001 இல் வெளிவந்தது. 2006 இல் சிங்கப்பூரில் 1,010 முதியோரை ஆராய்ந்தபோது, மஞ்சள் சேர்ந்த குழம்பை அவ்வப்போதேனும் உண்பவர் அறிவுத்திறன் சோதனையில் சற்று மேலான மதிப்பெண் பெற்றனர். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தவர் பலர், 'மஞ்சள் உண்ணும் இந்தியருக்கு மறதி நோய் வாராது' என்று முடிவு கட்டிவிட்டனர். எதிர்வீட்டு அன்பரின் பிரசுரமும் அதையே வேறு சொற்களில் கூறிற்று.

ஆனால் அம்முடிவு பொருந்துவதன்று. பல்லப்கர் ஆராய்ச்சியாளரே தாங்கள் கண்ட குறைந்த எண்ணிக்கைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று எச்சரித்திருந்தனர். அங்கு ஆயுள் குறைவு. தொடர்ந்து கவனித்த காலமும் குறைவு. தாத்தா மறந்தால் அதை முதுமையின் இயல்பு என்று கொள்வது நம் குடும்பங்களின் வழக்கம். இதனாலும் நோய் கணக்கில் ஏறாது போகலாம். மேலும், நாடு முழுவதும் முதியோரைச் சோதித்துக் கணக்கிட்ட ஓர் ஆராய்ச்சி 2023 இல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேர் ஏதேனும் ஒரு வகை மறதி நோயுடையவர்; அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்பது அதன் மதிப்பீடு. இவர்களுள் மஞ்சள் உண்ணாதவர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? பருப்பிலும் குழம்பிலும் அன்றாடம் மஞ்சள் சேர்க்கும் நாட்டில்தான் இத்தனை பேர் மறந்துகொண்டிருக்கிறார்கள்.

மனிதரிடம் நேரே நடத்திய சோதனைகள் யாவை? 2008 இல் ஹாங்காங்கில் 34 நோயினருக்கு ஆறு மாதம், நாளொன்றுக்கு நான்கு கிராம் வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தனர். நோய் குறையவில்லை. 2012 இல் அமெரிக்காவில் 36 நோயினரிடம் நடந்த சோதனையின் முடிவும் அதுவே. இரத்தத்தில் குர்குமின் மிகச் சிறிதளவே காணப்பட்டது என்பதையும் அவர்கள் கண்டனர். 2016 இல் ஆஸ்திரேலியாவில் நலமாக உள்ள 96 முதியோரிடம் ஓராண்டு நடத்திய சோதனையின் முடிவில் சொல்லத்தக்க பயன் இல்லை. 2018 இல் மட்டும் ஒரு நம்பிக்கைக் கீற்று தோன்றியது. எளிதில் உடலிற் சேரும்படி பக்குவம் செய்த குர்குமினை, மறதி நோய் இல்லாத 40 பேருக்கு லாஸ் ஏஞ்செலஸ் நகரில் 18 மாதம் கொடுத்தபோது, நினைவாற்றல் சோதனைகளில் முன்னேற்றம் தென்பட்டது. நாற்பது பேர் என்பது சிறு தொகை, அவர்கள் நோயினருமல்லர். பெரிய சோதனையில் அது மெய்ப்படும் வரை 'கூடும்' என்னும் சொல்லைத் தாண்டி நாம் செல்ல இயலாது.

குடுவையிலும் எலியிலும் வேலை செய்த பொருள் மனிதரிடம் ஏன் தயங்குகிறது? குர்குமின் நீரில் கரையாது. குடலில் சிறிதே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைந்து மாற்றி வெளியேற்றுகிறது. எஞ்சியதிலும் மூளையின் வாயிலைக் கடப்பது இன்னும் சொற்பம். இங்கு ஒரு சுவையான செய்தி உண்டு. 1998 இல் பெங்களூரில் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர், குர்குமின் இரண்டு கிராமுடன் மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால், இரத்தத்திற் சேரும் குர்குமினின் அளவு பன்மடங்கு, ஏறக்குறைய இருபது மடங்கு உயர்வதைக் கண்டனர். மஞ்சளையும் மிளகையும் சேர்த்துப் பாலில் கொதிக்கவைத்துத் தந்த பாட்டிமாரை நினைத்து நாம் மகிழலாம். ஆனால் பாட்டிமார் அதைத் தந்தது சளிக்கும் இருமலுக்குமேயன்றி மறதிக்கு அன்று. மேலும், குர்குமினை ஈரல் மாற்றாதபடி தடுக்கும் அதே பைப்பரின், நாம் உண்ணும் வேறு மருந்துகளையும் இரத்தத்தில் மிகுதியாகத் தங்கச் செய்யக்கூடும்.

அளவையும் எண்ணிப் பார்ப்போம். சோதனையில் கொடுத்தும் பயன்படாத அளவு நான்கு கிராம் குர்குமின். அதைச் சமையல் மஞ்சளாலேயே பெற வேண்டுமாயின் நாள்தோறும் ஏறத்தாழ 130 கிராம் தூளை ஒருவர் உண்ண வேண்டும். சாம்பாரில் நாம் இடுவது ஒரு சிட்டிகை. ஆதலின், 'உணவே மருந்து' என்று சமையலைக் காட்டிப் புட்டியை விற்பதும், புட்டியின் சோதனையைக் காட்டிச் சமையலைப் புகழ்வதும் கணக்கறியாத பேச்சுக்களே.

மற்ற மூலிகைகளின் நிலை என்ன? ஜின்கோ என்னும் கீழ்த்திசை மரத்தின் இலைச் சத்து மேல்நாடுகளில் நினைவாற்றலுக்கென்று பெரிதும் விற்பனையாயிற்று. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஆறு ஆண்டுகள் அளவில் அதைச் சோதித்தனர். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008 இல் தெளிவாயிற்று. அசுவகந்தி என்னும் நம் அமுக்கிராக் கிழங்கை அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் அவர்களின் குழுவினர் சுண்டெலிகளிடம் ஆராய்ந்தனர். முப்பது நாள் கொடுத்ததில் எலிகளின் நினைவு திரும்பியது. மூளையின் அமிலாய்டு குறைந்தது. அம்மருந்து மூளையில் நேரே புகாமல், ஈரலின் வழியாக அமிலாய்டை வெளியே ஈர்த்தது என்பது 2012 இல் அவர்கள் கண்ட புதுமை. சிறந்த ஆராய்ச்சியே, ஆயினும் அது எலிகளின் செய்தி.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்குப் பெயராலும் ஓர் இடர் உண்டு. வடநாட்டுக் கடையில் 'பிராமி' என்று கேட்டால் சில இடங்களில் நீர்ப்பிரமியைத் தருவர்; சில இடங்களில் வல்லாரையைத் தருவர். இவை இருவேறு செடிகள். நீர்ப்பிரமியை நலமுள்ளவரிடம் சோதித்தபோது, படித்ததை நினைவுகூர்வதில் சிறு பயன் சில சோதனைகளில் தென்பட்டது. அல்சைமர் நோயை அது போக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இவ்வளவும் கேட்டபின், செடிகளை நம்புவதே வீண் என்று நேயர்கள் கருதலாகாது. ஐரோப்பாவில் பனி உருகும் பருவத்தில் பூக்கும் பனித்துளிப்பூ என்னும் சிறு செடி உண்டு. அவ்வகைச் செடியிலிருந்து கலன்டமின் என்னும் பொருளை எடுத்து, 1950களில் பல்கேரியாவிலும் சோவியத் நாட்டிலும் நரம்பு நோய்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். படிப்படியான சோதனைகளுக்குப் பின் 2001 இல் அமெரிக்க அரசு அதை அல்சைமர் நோய்க்குரிய மருந்தாக ஏற்றது. அது வேலை செய்வது அழற்சியைத் தணிப்பதால் அன்று. நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் ஒரு பொருள் விரைவில் அழியாமல் காப்பதால். நோயை அது போக்குவதில்லை. சிலருக்குச் சில காலம் நினைவையும் அன்றாடச் செயலையும் தாங்கிப் பிடிக்கிறது. பூவிலிருந்து மருந்துச் சீட்டு வரை வர அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மஞ்சளும் அமுக்கிராவும் இந்த நீண்ட வழியில் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

வழியில் உள்ள பொருளை வந்து சேர்ந்ததாக எண்ணினால் என்ன தீங்கு என்று கேட்கலாம். மூன்று தீங்குகள் உண்டு. முதலாவது, உடலுக்கு. சமையல் அளவில் மஞ்சள் தீங்கற்றது. செறிவூட்டிய மாத்திரை வேறு. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022 இல் ஓர் அறிக்கை வந்தது. ஐவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய மாத்திரைகளைத் தொடலாகாது. தூளிலும் கவனம் வேண்டும். பளிச்சென்ற நிறத்திற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் என்னும் சாயத்தைப் பூசும் தீய வழக்கம் வங்கதேசத்தில் 2019 இல் வெளிப்பட்டது. அரசு கண்டிப்பாக நடந்துகொண்டதனால் இரண்டே ஆண்டுகளில் அங்குக் கடை மஞ்சளில் அது மறைந்தது. 2024 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பாட்னா நகரில் வாங்கிய மஞ்சளிலும் மிகுந்த ஈயம் காணப்பட்டது. ஈயம் மூளைக்கு நஞ்சு. நினைவுக்கென்று உண்பது நினைவைக் கெடுப்பதாக முடியலாம். நிறம் மங்கியதாயினும், நம்பத்தக்க இடத்தில் விரலி மஞ்சளை வாங்கி வீட்டிலோ நம் கண்ணெதிரே மாவு மில்லிலோ அரைப்பது நன்று.

இரண்டாவது தீங்கு பணத்திற்கு. அதை விரிக்க வேண்டுவதில்லை. மூன்றாவதே பெரிது. அது காலத்திற்கு நேரும் தீங்கு. மறதிகள் எல்லாம் அல்சைமர் நோய் அல்ல. பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டுச் சுரப்பின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. மரக்கறி உணவினரிடையே பி-12 குறைவு அரிதன்று. புட்டியை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், தீர்க்கக்கூடியதும் தீராத நிலைக்குச் சென்றுவிடக்கூடும்.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. ஆட்சேபத்திற்குரிய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954 ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எந்தெந்த நோய்களைப் போக்குவதாக விளம்பரம் செய்யலாகாது என்னும் அதன் அட்டவணையில் மூளை நோய்களும் இடம்பெற்றுள்ளன. அதனால்தான் சில பிரசுரங்கள் நோயின் பெயரைச் சொல்லாமல், 'நினைவாற்றலுக்குத் துணை' என்று சுற்றி வளைத்துப் பேசுகின்றன. ஒரு மொழியில் அடங்கிப் பேசி, மறுமொழியில் வாக்களிப்பதும் உண்டு என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அன்று அன்பருக்கு அந்த வாசகத்தைத் தமிழில் நாம் இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்: 'இது எலிகளுக்குப் பயன்பட்டது. மனிதருக்குப் பயன்படும் என்று இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.' அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் அம்மாவுக்கு என்ன செய்வது?" என்றார். அடுத்த வாரம் மருத்துவமனைக்கு உடன் சென்றோம். மருத்துவர் இந்தியில் கேட்ட கேள்விகளுக்கு அம்மையார் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவற்றையே நாம் தமிழில் கேட்டபோது பாதிக்கு மேல் விடை வந்தது. பிற மாநிலத்தில் வாழும் முதியோரைத் தாய்மொழியில் சோதிக்கவில்லையெனில், நோயின் அளவே தவறாகிவிடும் என்பதை அன்று கண்டோம். பி-12 குறைவும் இருந்தது; ஊசி போட்டபின் சோர்வும் தள்ளாட்டமும் நீங்கின. மறதி முற்றும் நீங்கவில்லை. அல்சைமர் நோயின் தொடக்கம் என்பது மருத்துவரின் முடிவு. அதற்குரிய மருந்து கொடுத்துவருகிறார்கள்.

2024 இல் உலக வல்லுநர் குழு ஒன்று, மறதி நோயை உண்டாக்குவதில் நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று வகுத்தது. அவற்றை நீக்கினால் ஏறத்தாழ பாதியளவு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, செவிட்டுத்தன்மை, பார்வைக் குறைவு ஆகியவை அவற்றுட் சில. தனிமையும் அப்பட்டியலில் ஒன்று. ஊரைவிட்டு, மொழி அறியாத அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் நம் தாய்தந்தையரைவிடத் தனிமையை நன்கறிந்தவர் யார்?

அம்மையார் இன்றும் மஞ்சள் இட்ட ரசத்தையே விரும்பி உண்கிறார். அதைத் தடுப்பார் இல்லை. வாரத்தில் மூன்று மாலைகள் நம் இல்லத்தாரும் அடுத்த தெருத் தமிழ்ப் பெண்டிர் இருவரும் அவருடன் அமர்ந்து பேசுகின்றனர். காவிரியில் புதுவெள்ளம் வந்த கதையை ஒரே மாலையில் அவர் மும்முறை சொல்கிறார். மும்முறையும் கேட்கிறோம். இது நோயைப் போக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். அவருக்குத் துணை செய்கிறது என்று மட்டும் சொல்வோம். இங்குக் 'கூடும்' என்று சேர்க்க வேண்டிய தேவை இல்லை.